வெட்பாலைத் தைலம்

வெட்பாலை மரத்தின் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, அடுப்பில் ஏற்றாமல் வெயிலிலேயே பக்குவப்படுத்தி எடுக்கும் சித்த மருந்து வெட்பாலைத் தைலம். காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிஸுக்கும் பொடுகுக்கும் மேற்பூச்சாகப் பயன்படுகிறது. கேரளத்தில் இந்த மரம் தந்தப்பாலை. சித்த ஆராய்ச்சி வட்டாரத்தில் 777 எண்ணெய் என்ற பெயரும் இத்தைலத்துக்கு உண்டு.

வெட்பாலை வறண்ட காடுகளிலும் கரடுகளிலும் வளரும் சிறு மரம், இலையுதிர்ப்பது. கிளையை ஒடித்தால் பால் வடியும். வெள்ளைப் பூ மணக்கும். நீண்ட காய்கள் இரட்டையாகத் தொங்கும்; இளங்காய்களின் நுனிகள் ஒட்டியிருப்பதால் பார்ப்பதற்கு இடுக்கி போலத் தெரியும். குடசப்பாலையை இதுவென்று எண்ணிப் பறித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். காயின் நுனியைப் பார்த்தால் குழப்பம் தீரும். தாவரவியலில் இதன் பெயர் ரைட்டியா டிங்டோரியா. முதற்பாதி ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ரைட்டின் (1735–1819) நினைவாக வந்தது. பிற்பாதிக்குச் சாயம் தருவது என்று பொருள். இந்த இலையிலிருந்து ஒருகாலத்தில் நீலச்சாயம் எடுத்தார்கள். கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் கடைந்து அரக்குப் பூசும் மரப்பொம்மைகளுக்கும் இதே மரம்தான்.

தைலம் செய்வது எளிது. பழுப்பு இலையைத் தள்ளிவிட்டு, பச்சை இலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் கிள்ளிக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்ற வேண்டும். வாயைத் துணியால் கட்டி, ஒரு வாரம் வரை தினமும் வெயிலில் வைக்கிறார்கள். இலை கறுக்கும், அதைச் சுற்றி எண்ணெயில் ஊதா இறங்கத் தொடங்கும். வடிகட்டி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டால் நாவற்பழச் சாறு போலப் படிகிறது. ஈரம் தங்கினால் எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கும். அதைக் கொட்டிவிடுவதே நல்லது.

இந்த ஊதாவில்தான் மருந்தின் சூட்சுமம் இருப்பதாகக் கொள்ள இடமிருக்கிறது. இலையில் நீலம் தரும் இண்டிகோவும், சிவப்பு தரும் இண்டிரூபினும் கண்டறியப்பட்டுள்ளன. இண்டிரூபின் உள்ள அவுரி வகைப் பொடியைச் சீன மருத்துவம் இதே காளாஞ்சகப்படைக்குப் பூசுகிறது; அதன்மேல் தைவானில் நோயாளிகளிடம் ஆய்வுகளும் நடந்துள்ளன. இரு வேறு மரபுகள் ஒரே நிறப்பொருளில் வந்து சேர்ந்திருப்பது பெரிய விஷயம்.

காளாஞ்சகப்படையில், ஒரு மாதமளவில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே குவிந்து செதிலாக உதிர்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு இது, தொட்டால் ஒட்டாது. இதைத் தெரியாமல் நோயாளியின் தட்டையும் துண்டையும் ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அந்த ஒதுக்கல் படையைவிடக் கொடியது.

தைலம் செதிலை இளக்கி அரிப்பைத் தணிக்கும். நோயை வேரோடு நீக்கும் என்று விற்பவர் சொன்னால் நம்பக்கூடாது. முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒரு நாள் பார்க்க வேண்டும். வெடித்து ரத்தம் கசியும் இடத்தில் பூசக்கூடாது. ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் படை சீறிக் கிளம்பும். மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். துணியில் பட்ட ஊதாக் கறை எளிதில் போகாது என்பதால், தைலம் தேய்த்துக் காலை வெயிலில் உட்காரும்போது பழைய வேட்டியோ நைட்டியோ உடுத்திக்கொள்வார்கள்.