கணநேர உந்துதலும் நஞ்சுத் தடையும்

வன்னிப் பெருநிலம் குளங்களாற் பெயர் பெற்றது. கிளிநொச்சியில் இரணைமடு, முல்லைத்தீவில் முத்தையன்கட்டு, வவுனியாவிற் பாவற்குளம் என நீர்நிலைகள் நெல்லை வளர்க்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் இலங்கை வயல்களுக்குப் புதுவிதைகளும் செயற்கை உரமும் வந்தன. அவற்றுடன் கிருமிநாசினியும் உழவர் இல்லம் புகுந்தது. பயிர்காக்க வந்த நஞ்சு உயிர்குடித்தமை நம் நாட்டு வரலாற்றின் துயரப் பகுதியாகும்.

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். இவையாவும் நெடுநாள் எண்ணித் துணிந்தவையெனக் கருதுதல் பொருந்தாது. வைத்தியசாலைகளில் உயிர்பிழைத்தோரை வினாவிய ஆராய்ச்சியாளர், அவருட் பலர் அரைமணி நேரமும் சிந்தியாது செயற்பட்டனர் எனக் கண்டனர். குடும்பச் சச்சரவும் கடனும் அவமானமும் எழுப்பும் சினமும் துயரும் அலைபோல்வன, எழுந்தவை தணியும். அவை தணியுமளவும் உயிர் நிற்றல் வேண்டும்.

இவ்வுண்மையை அரசின் சட்டங்கள் மெய்ப்பித்தன. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் கிருமிநாசினிகளை அரசின் கட்டுப்பாட்டுக்குட் கொணர்ந்தது. 1984, 1995, 1998ஆம் ஆண்டுகளிலும் 2008 முதல் 2011 வரையும் கொடிய நஞ்சுகள் படிப்படியாக விலக்கப்பட்டன. 1986-1995 காலத்தினும் 1996-2005 காலத்தில் இத்தகைய இறப்புக்கள் 19,769 குறைந்தன. நெல்விளைச்சலோ இத்தடைகளாற் குன்றவில்லை. உயிர்மாய்க்க முயல்வோரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது.

வவுனியாவின் தெற்கே அமைந்த அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் மற்றொரு சோதனை நிகழ்ந்தது. ஒருசார் கிராமங்களின் வீடுகளுக்கு நஞ்சைப் பூட்டிவைக்கும் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2017இல் வெளியான முடிவு, அவற்றாற் பயன் விளைந்தமைக்குச் சான்றில்லை என்றது. திறப்பு வீட்டிலேயே இருப்பின் பூட்டு எங்ஙனம் தடையாகும்? கொடிய நஞ்சு கடையிலேயே இல்லாமையே உயிர்களைக் காத்தது.

2009இற் போர் முடிந்தபின், பலமுறை இடம்பெயர்ந்த வன்னி மக்கள் மீண்டும் ஏர்பிடித்தனர். உறவினரை இழந்த துயரும் நுண்கடன் சுமையும் பல குடும்பங்களை வாட்டின. இத்தகைய மண்ணில், தளர்ந்தவரைக் கோழையென இகழ்தல் அறமன்று, அறிவுமன்று. ஒரு கணத்து உந்துதல் அவருடைய முழு இயல்பைக் காட்டாது. அக்கணத்தில் அருகிருந்து செவிசாய்க்கும் அயலவரும், 1926 என்னும் தேசிய உளநல உதவி எண்ணும் பெருந்துணையாவன. நஞ்சை விலக்குதல் அரசின் கடன். தனிமையை விலக்குதல் கற்றோராகிய நம் கடனாகும்.