வளைவும் ஏற்றமும்: பதுளைப் பாதையின் 'கரட்', சக்சனியின் 'நான்கு கே'

1924 ஏப்ரலில் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. 1867இல் கண்டியை அடைந்த இருப்புப்பாதை, பதுளையைத் தொட மேலும் 57 ஆண்டுகள் எடுத்தது. பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உயரம் ஏறி, பின்னர் ஊவாப் பக்கம் இறங்கும் பாதை இது. 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கூடவே நெருக்கமான வளைவுகள். இங்கே ஒரு சிக்கல். நீண்ட இயந்திரம் பாரம் இழுக்கும், வளைவில் திரும்பாது. குட்டை இயந்திரம் திரும்பும், பாரம் இழுக்காது.

ஜேர்மனியின் சக்சனி அரச ரயில்வேக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே மலைக்கிராமங்களுக்குப் போனது 750 மில்லிமீற்றர் குறும்பாதை. அதற்காக ஹார்ட்மன் தொழிற்சாலை 1892 முதல் 1921 வரை 96 'நான்கு கே' இயந்திரங்களைக் கட்டியது. ஒரு கொதிகலன், அதன் கீழே தனித்தனியாகத் திரும்பும் இரு சக்கரத் தொகுதிகள், மொத்தம் எட்டு இழுவைச் சக்கரங்கள். பின் தொகுதியை இயக்கிய நீராவியே முன் தொகுதியையும் இயக்கும். அதனால் கரி மிச்சம்.

இலங்கையின் பிரதான பாதை 1,676 மில்லிமீற்றர் அகலமானது. அதற்கு 1927இல் மான்செஸ்டரின் பேயர் பீக்கொக் நிறுவனத்திலிருந்து 'கரட்' வந்தது. 1945இல் மேலும் எட்டு. இதில் கொதிகலன் நடுவே தொங்கும். அதன் முன்னும் பின்னும் இரு இயந்திரத் தொகுதிகள். இழுவைச் சக்கரங்கள் பன்னிரண்டு. கொதிகலனுக்குக் கீழே சக்கரம் இல்லாததால் அடுப்பைப் பெரிதாக அமைக்கலாம்.

சக்சனிப் பாதைக்கு நெருங்கிய உறவு, நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போன 762 மில்லிமீற்றர் பாதை. அகல வித்தியாசம் 12 மில்லிமீற்றர்தான். 1940களில் அது மூடப்பட்டது. பின்னர் தண்டவாளமும் அகற்றப்பட்டது. சக்சனியின் பிரெஸ்னிற்ஸ் பள்ளத்தாக்குப் பாதையும் 1980களில் பிடுங்கப்பட்டதுதான். ஆனால் அங்கே ஆர்வலர்கள் சுமார் 8 கிலோமீற்றரை மீண்டும் போட்டார்கள். 'நான்கு கே' மறுபடி ஓடுகிறது.

தண்டவாளம் பிடுங்கப்படுவதன் பொருளை வடக்கு வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு நின்ற ரயில் 2014இல்தான் திரும்பியது. மலையகத்தின் நினைவு வேறு. அங்கே பாதை நின்றது, மக்கள் போனார்கள். தேயிலைப் பெட்டிகள் இறங்கிய அதே தண்டவாளத்தில், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் பல்லாயிரம் தோட்டக் குடும்பங்கள் தலைமன்னாரை நோக்கிப் பயணமாயின. பெரும்பாலானோர் திரும்பி வரவேயில்லை.