இறங்கி வந்த நீரும் ஏறிச் சென்ற மக்களும்
கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளர் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

பெரியகுளம் தொடங்கிக் கூடலூர், லோயர் கேம்ப் வரை நீளும் நம் பகுதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெரியாற்று நீரிலிருந்தே தொடங்குவர். மேற்கு நோக்கி ஓடிய நதி கிழக்கே திருப்பப்பட்டதும், வறண்ட நிலம் இருபோகம் விளைந்ததும், பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் பெயரை மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டியதும் நாம் அறிந்தவையே. ஆயினும் நீர் இறங்கி வந்த அதே மலைகளின் மேல், அதே காலத்தில், நம் மக்கள் ஏறிச் சென்றனர். நீரின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு இம்மக்களின் வரலாறு எழுதப்படவில்லை. அதனை ஒரு சிறிதேனும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு நாடுகளாய் இருந்த காலம்

இன்று தமிழ்நாடு, கேரளம் என்னும் இரு மாநிலங்களைப் பிரிக்கும் மலைத்தொடர், 1947 வரை ஆங்கிலேய ஆட்சிக்கும் திருவிதாங்கூர் மன்னராட்சிக்கும் எல்லையாய் நின்றது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய கணவாய்கள் வழியாகவும், தேவாரத்தை அடுத்த சாக்குலூத்து மெட்டு போன்ற ஒற்றையடிப் பாதைகள் வழியாகவும் மக்கள் போக்குவரத்து நெடுங்காலமாகவே நிகழ்ந்து வந்தது. அரிசி மேலே சென்றது. ஏலக்காய் கீழே வந்தது. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையாய் வளர்ந்தது இவ்வகையிலேயே.

1877இல் பூஞ்சாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு உரிமையளித்தார். காப்பி, சிங்கோனா, பின்னர் தேயிலை எனத் தோட்டங்கள் பெருகின. காடு வெட்டவும் கன்று நடவும் கைகள் தேவைப்பட்டன. கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் சிற்றூர்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். முன்பணம் வாங்கியவர் அதனைத் தீர்க்கும்வரை தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி ஏறியவர், மேலே மற்றொரு கடனுக்குள் நுழைந்தனர் என்றே சொல்லவேண்டும். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கமாக இறக்கப்பட்டுப் போடி வழியாக வெளியுலகை அடைந்தது. அத்தேயிலையைக் கிள்ளியவர் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவில்லை.

பீர்மேட்டை அடுத்த பள்ளிக்குன்னு ஆலயத்தில் மன்றோவின் கல்லறை உள்ளது. அவர் அன்போடு வளர்த்த குதிரையும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்வர். குதிரையின் நினைவு நிலைத்தது. காடு வெட்டிக் காய்ச்சலில் மடிந்தவர்களின் குழிகளோ பெரும்பாலும் பெயரின்றித் தேயிலைச் சரிவுகளில் மறைந்தன. திருச்சபை வரலாற்றாசிரியர் இவ்வேறுபாட்டைக் கவனியாது கடந்துவிடலாகாது.

2. நீருக்குக் கிடைத்த பத்திரம்

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண ஆட்சியும் பெரியாற்று ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1895இல் அணை திறக்கப்பட்டது. 1970இல் இரு மாநிலங்களும் கூடி அவ்வாடகையை 30 ரூபாயாக உயர்த்தின. நீருக்கு எல்லை உண்டு; அளவு உண்டு; வழக்குண்டு; தீர்ப்புமுண்டு. அணையைக் கட்டுகையில் காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் மாண்ட தொழிலாளருக்கும், அவர்களுக்குப் பின் தோட்டங்களுக்கு ஏறிய பரம்பரைகளுக்கும் இத்தகைய பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. இரண்டு அரசுகள் நீரைக் குறித்துப் பேசின. உழைப்பைக் குறித்துப் பேசவில்லை.

3. 'வந்து போவோர்' என்னும் சொல்

நாடு விடுதலை பெற்றபின், மொழிவழி மாநிலங்கள் பற்றிய கேள்வி எழுந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. 1954இல் போராட்டம் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 11இல் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1955இல் வெளிவந்த மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை, தெற்குத் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே விட்டது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையினராய் இருந்தபோதிலும், அவர்களுள் பலர் நிலையான குடிகள் அல்லர், வேலைக்காக வந்து போவோர் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1956 நவம்பர் 1இல் எல்லை உறுதியாயிற்று.

எல்லை எங்கே அமைந்திருக்க வேண்டும் என்பது இங்கு நம் வினாவன்று. உழைக்கும்போது குடியாகக் கொள்ளப்பட்டவர், எண்ணும்போது வழிப்போக்கராகக் கருதப்பட்டனர் என்பதையே நாம் சுட்டுகிறோம். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்தன. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் மிகுதியானோர் கயத்தாறு வட்டாரத்தை மூலமாகக் கொண்ட, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பத்தினர். வந்து போவோர் எனப்பட்டவர்கள் அம்மண்ணிலேயே அடக்கம் பண்ணப்பட்டனர்.

4. பிற நாட்டு அனுபவம்

இந்நிலை நமக்கு மட்டுமே உரியதன்று. 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் மெக்சிக்கோ தன் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அமெரிக்க ஐக்கிய நாடுகளிடம் இழந்தது. அங்கே வாழ்ந்த மக்கள் ஓரடியும் நகராமலேயே வேற்று நாட்டினராயினர். பின்னர் 1942 முதல் 1964 வரை, இரு அரசுகளின் ஏற்பாட்டின்படி, மெக்சிக்கோ உழவர் ஒப்பந்தக் கூலிகளாய் அமெரிக்க வயல்களுக்குச் சென்றனர். எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 45 லட்சம். தொடக்க ஆண்டுகளில் சேமிப்பு என்னும் பெயரால் அவர்கள் கூலியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. பலருக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை. அவ்விரு நாடுகளும் 1944இல் நதிநீரைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்துகொண்டன என்பதும் நோக்கத்தக்கது.

வேற்றுமையும் உண்டு. நாம் ஒரே நாட்டின் குடிகள். குமுளியைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை. ஆயினும் கையை விரும்பி ஆளை விரும்பாத மனப்பான்மை இரு இடங்களிலும் ஒன்றே.

5. கதவு மூடப்பட்ட நாட்கள்

2011ஆம் ஆண்டு இறுதியில் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சமும் சினமும் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர். பலர் காட்டுப் பாதைகளில் குழந்தைகளோடு இறங்கி வந்தனர். இப்பக்கத்திலும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன என்பதை நாம் மறைத்தலாகாது. நீரைப் பற்றிய வழக்கில் தண்டனை பெற்றவர், நீரில் ஒரு துளியும் தமக்கெனக் கேளாத கூலியாட்களே. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடியாக அனுமதித்தது. ஓடி வந்தோரின் இழந்த கூலியை அளந்து தீர்ப்புரைக்க எந்த மன்றமும் கூடவில்லை. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் எல்லை அடைபட்டபோது, அன்றாடம் ஜீப்புகளில் ஏறிச் சென்ற பெண்கள் மீண்டும் வேலையிழந்தனர்.

மலைமேல் குடியேறிய மலையாள உழவரும் துன்புற்றவர்களே. உணவுப் பஞ்சக் காலத்தில் அரசின் ஊக்கத்தால் ஏறிய அவர்களுள் பலர், இடுக்கி அணைத் திட்டத்துக்காக 1961இல் அய்யப்பன்கோவிலிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுக் குமுளியருகே அமராவதியில் மழையில் விடப்பட்டனர், ஏ. கே. கோபாலன் அங்கே உண்ணாநோன்பிருந்தார். மற்றொன்றும் சொல்ல வேண்டும்: ஏலத்தோட்ட உடைமையாளருள் கம்பம், போடிப் பகுதித் தமிழரும் பலர் உளர். ஆகவே இதனை இரு மொழியினரின் பகையாக மட்டும் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. நிலமுடையார்க்கும் உழைப்பையன்றி வேறொன்றுமில்லார்க்கும் இடையேயுள்ள தொலைவே இங்கு ஆழமான எல்லை.

6. திருச்சபைக்குள்ள கடமை

நம் ஆயர்மண்டலங்களும் இம்மலைமுகட்டோடு நின்றுவிடுகின்றன. கீழே ஒரு குருசேகரத்தில் பெயர் பதிந்த பெண், பகல் முழுவதும் மற்றொரு மண்டலத்தின் எல்லையில் களையெடுக்கிறாள். விடியுமுன் ஜீப் ஏறுபவளை வாரநாள் கூட்டத்துக்கு வரவில்லையென்று குறைகூறும் ஆயர், அவள் ஏறும் இடத்திற்கு ஒரு நாளேனும் சென்று நின்றதுண்டா? ஜீப் கவிழ்ந்து ஒருவர் இறந்தால் அடக்க ஆராதனை நடத்துகிறோம்; அவ்வண்டியில் எத்தனை பேர் ஏற்றப்பட்டனர் என்று அதற்கு முன் நாம் வினவியதில்லை.

உபாகமம் 24ஆம் அதிகாரம், கூலிக்காரன் உள்ளூரானாயினும் அந்நியனாயினும் அவன் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கக் கட்டளையிடுகிறது. அங்கே ஊர்ப்பிறப்பு கேட்கப்படவில்லை. உழைப்பு ஒன்றே போதுமான உரிமையாகிறது. மோவாபியப் பெண்ணாகிய ரூத்தும் வேற்று வயலில் கதிர் பொறுக்க வந்தவளே.

நம் இறையியல் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. மலையின் இருபுறமுமுள்ள சபைகளின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைத் திறந்து, ஏறிச் சென்றோரின் பெயர்களைத் தொகுத்தல் வேண்டும். முதியோர் உயிரோடிருக்கையிலேயே அவர்கள் சொல்லைக் கேட்டெழுதுதல் வேண்டும். இருபுறத்து ஆயர்களும் ஆண்டுக்கொருமுறையேனும் கூடிப் பேசுதல் வேண்டும். எல்லையில் சினம் மூளும் நாளில் தொழிலாளரைக் காக்க அறிமுகமான முகங்கள் தேவைப்படும். நீருக்கு 999 ஆண்டுகள் எழுதிக்கொடுத்த மலை இது. அதன்மேல் உழைத்தோர்க்கு ஒரு பெயர்ப்பட்டியலேனும் எழுதிவைக்க நம்மால் இயலும்.