ஓர் இரவில் மறைந்த மாளிகை



ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை எங்கே கூட்டிச் செல்கிறோம்? பேராலயம், நோர்மன் அரண்மனை, மலைமேல் இருக்கும் சாந்தா ரொசாலியா. பேராலயமும் அரண்மனையும் 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் உண்டு. நூறு வயதை ஒட்டிய கட்டடங்களுக்குத்தான் ஆளில்லை.

பலெர்மோவின் பியாற்சா குரோச்சியில், சிற்பியைப் போல் கட்டடம் செதுக்கிய ஏர்னெஸ்தோ பசீலே, தெலியெல்லா பிரபுவுக்காக ஒரு மாளிகை கட்டினார். 1959 நவம்பர் 28, சனிக்கிழமை, அதை இடிக்கத் தொடங்கினார்கள். திங்களன்று அலுவலகங்கள் திறந்தபோது காப்பாற்ற அதிகம் மிஞ்சவில்லை. அவ்வளவு அவசரம் ஏன்? ஐம்பது வயதுக்குக் குறைந்த கட்டடத்தை அன்றைய சட்டம் காக்கவில்லை. மாளிகையோ ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இடிக்க அனுமதியும் கையில் இருந்தது! அந்த நிலம் பல பத்தாண்டுகள் கார் நிறுத்தும் இடமாகவே கிடந்தது.

அதே 1959 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகம் திறக்கப்பட்டது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்த புத்தகங்களில் தொடங்கியது அது. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் கட்டட முயற்சியில் முன்னின்றார். களியாட்டவிழா நடத்தியும் சீட்டிழுத்தும் ஊரார் பணம் சேர்த்தார்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிந்தபோது நாம் ஏன் அப்படி அழுதோம் என்பது இப்போது புரிகிறதல்லவா? அது அரசு தந்த கட்டடம் மட்டுமல்ல, நம் காசு.

பலெர்மோ மக்களுக்கு அந்த உணர்வு பிந்தித்தான் வந்தது. பழுதுபார்க்கவென்று 1974இல் மூடிய தெயாத்ரோ மாசிமோ, 23 ஆண்டுகள் கழித்து 1997இல்தான் திறந்தது. 1992இல் நீதிபதிகள் பல்கோனேயும் பொர்செல்லினோவும் கொல்லப்பட்ட பிறகு, நகரம் தன்னை மீட்கப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கியது. பாடசாலைகள் ஆளுக்கொரு நினைவுச்சின்னத்தைத் தத்தெடுத்தன. மாணவர்கள் அதன் கதையைப் படித்து, கதவு திறக்கும் நாட்களில் வருவோருக்குத் தாமே வழிகாட்டிகளானார்கள். பூட்டிக் கிடந்த இடங்கள் சில அவர்களால் வெளிச்சம் கண்டன.

பிள்ளைகளே, உங்கள் பாடசாலை எதைத் தத்தெடுத்திருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். 1962இல் தீயிடப்பட்டுப் பின்பு மீட்கப்பட்ட பசீலேயின் வில்லினோ புளோரியோவையும் போய்ப் பாருங்கள்.

பெரியவர்களே, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்து, வேலை செய்த வீடுகளின் வாசலில் நின்று எடுத்த படங்கள் உங்கள் பெட்டியில் இருக்கும். ஊருக்கு அனுப்ப எடுத்தவைதான். ஆனால் உங்கள் தோளுக்குப் பின்னால் தெரியும் இரும்புக் கம்பியும் வண்ணக் கண்ணாடியும் இன்று அங்கே இல்லாதிருக்கலாம். திருத்தி அமைப்பவருக்கு அந்தப் படமே சாட்சி. பின்பக்கத்தில் வீதியின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.