கோமேதகமும் கார்னெட்தான்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நவரத்தின மோதிரத்தில் ராகுவுக்கு உரியதாகப் பதிக்கப்படும் கோமேதகம், கார்னெட் எனும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாதுளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் என்றாலும், கார்னெட் எல்லாம் சிவப்பு அல்ல.

வகைகள்

இக்குடும்பத்தில் முக்கியமானவை ஆறு. பைரோப், அல்மண்டைன் இரண்டும் பெரும்பாலும் சிவப்பு. ஸ்பெஸ்ஸார்டைன் ஆரஞ்சு நிறம். யுவரோவைட் பச்சை. ஆண்ட்ரடைட்டில் விலை உயர்ந்தது பச்சை நிற டிமான்டாய்டு. ஆறாவதான குரோசுலார், தூய நிலையில் நிறமற்றது. அதில் இரும்பும் மாங்கனீசும் கலந்து தேன் நிறம் பெற்றதே ஹெஸ்ஸோனைட், அதாவது கோமேதகம். இலங்கைக் கற்கள் இதில் பெயர் பெற்றவை.

தன்மைகள்

மோஸ் அளவுகோலில் கார்னெட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7.5 வரை. கோமேதகத்தின் ஒப்படர்த்தி சுமார் 3.65, ஒளிவிலகல் எண் சுமார் 1.74.

அசலை அறிவது எப்படி?

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், பல கோமேதகங்களின் உள்ளே பாகு கலந்ததுபோல் சுழிவுகள் தெரியும். இது குறை அல்ல. இயற்கைக் கல்லின் அடையாளம். உருண்டைக் காற்றுக் குமிழிகள் இருந்தால் கண்ணாடியாக இருக்கலாம். அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் அது சிர்கானாக இருக்கலாம். விலை அதிகமெனில் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேட்பதே பாதுகாப்பு.

பராமரிப்பு

வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷால் கழுவலாம். திடீர் வெப்பமாற்றம் கல்லில் விரிசல் உண்டாக்கும்.