ஈதர்நெட்

'ஈதர்' கிரேக்கத்திலிருந்து வந்த சொல். முதலில் வானின் உயர்ந்த, தூய காற்றைக் குறித்தது. நம் ஐம்பூதங்களில் ஆகாயத்துக்கு உள்ள இடத்தை இதற்கு அரிஸ்டாட்டில் மரபினர் கொடுத்தார்கள். ஒளி அலைகளைத் தாங்க வெளியெங்கும் ஓர் ஊடகம் பரவியிருக்க வேண்டும் என்று நம்பிய 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர்கள், அந்த ஊடகத்தை இப்பெயரால் அழைத்தார்கள். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் அதை அளக்க முயன்றார்கள், அகப்படவில்லை. 1973 மே 22ஆம் திகதி, ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பில் அந்தப் பெயர் மீண்டும் உயிர்பெற்றது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஊடகம் ஈதர். அதில் பின்னிய வலை நெட். இயற்பியல் கைவிட்ட சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மறுவாழ்வு கிடைத்திருக்காது.

இலங்கையின் கினிகத்தேனை போன்ற மழை மிகுந்த ஊரில் தானியங்கி மழைமானி அமைக்க விரும்பும் மாணவருக்கு ஈதர்நெட் வெறும் சொல் அல்ல. ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலருடன் டபிள்யூ5500 ஈதர்நெட் சில்லுள்ள பலகையை இணைத்து, 48 பிட் மேக் முகவரியைக் கொடுத்தால், ரவுட்டர் ஐபி முகவரி வழங்கும். அதன்பின் மைக்ரோகன்ட்ரோலர் ஒரு கிளையன்ட். பேச்சைத் தொடங்குவது அதன் வேலை. காத்திருந்து பதில் சொல்வது சேவையகத்தின் வேலை. செப்புக் கேபிள் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. அங்கு ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடிமின்னல் அதிகம். வெளியே இழுக்கும் கேபிளுக்கு மின்னல் பாதுகாப்பு இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.