"ஏன் தனியப் போனனீர்?" – களப்பணியாளர் மீதான வன்முறையைத் தடுப்பது யாருடைய பொறுப்பு?

பல்கலைக்கழகத்தில் நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் ஒரே விடுதி அறையில் இருந்த தோழி ஒருவர், இன்று வன்னியின் ஒரு பிரதேசத்தில் பெண்கள், சிறுவர் தொடர்பான களப்பணி செய்கிறார். கணவனின் அடி தாங்க முடியாமல் முறைப்பாடு செய்திருந்த ஒரு பெண்ணைப் பார்க்க ஒருநாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போயிருக்கிறார். வளவுக்குள் நுழைந்ததும், குடித்துவிட்டிருந்த கணவன் படலையைச் சாத்திவிட்டுக் கத்தியோடு முன்னால் வந்து நின்றிருக்கிறான். "என்ர குடும்பத்தைப் பிரிக்கவோ வந்தனீ?" பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வேலிக்கு மேலால் சத்தம் போட்டதால்தான் தோழி தப்பினார்.

மறுநாள் அலுவலகத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "ஏன் தனியப் போனனீர்?"

அவரைத் தனியாக அனுப்பியதே அந்த அலுவலகம்தான். அந்தக் கேள்வி ஏன் தவறானது, அதற்குப் பதிலாக என்ன செய்யப்பட வேண்டும் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

எது வன்முறை, எது வன்முறை அல்ல

குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளசமூகப் பணியாளர், தாதியர், வைத்தியசாலைச் சிற்றூழியர், தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர் ஆகிய அனைவரும் மனிதசேவைப் பணியாளர்களே. இவர்கள் பணியின்போது அடிக்கப்படுவதும், கத்தி பொல்லுடன் மிரட்டப்படுவதும், பாலியல் தொந்தரவுக்கு உள்ளாவதும், பின்தொடரப்படுவதும், கைதொலைபேசியில் இரவில் அச்சுறுத்தப்படுவதும் பணியிட வன்முறை.

ஆனால் கோபம் வன்முறை அல்ல. ஒரே விபரத்தைப் பத்துத் தடவை பதிவு கொடுத்த ஒரு தாய் மேசைக்கு முன்னால் குரல் உயர்த்துவது வன்முறை அல்ல. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டமும் அலுவலகங்களுக்கு எதிரான வன்முறை அல்ல. எங்களுடைய மண்ணில் இந்த வேறுபாட்டை முதலில் சொல்லியாக வேண்டும். பணியாளரின் பாதுகாப்பு என்ற பெயரில், கேள்வி கேட்கும் சனத்துக்கு எதிராக வாசலில் பொலிஸாரை நிறுத்துவது தடுப்பு நடவடிக்கை ஆகாது.

இது தற்செயல் அல்ல

சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதமானோர் தமது பணிக்காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் உடல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வாய்மொழி மிரட்டல் இதைவிடப் பரவலானது.

உதவிப் பணி எவ்வளவு ஆபத்தானது என்பதை நாங்கள் மூதூரில் கண்டவர்கள். 2006 ஓகஸ்ட் 4 அன்று பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அங்கு அவர்களது அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அது போர்க்காலப் படுகொலை. இங்கு நான் பேசுவது அன்றாடப் பணியில் வரும் வன்முறை பற்றி. ஆனால் இரண்டிலும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. தண்டனை இல்லாத இடத்தில் அடுத்த சம்பவத்துக்குத் தடை இல்லை.

2025 மார்ச் 10 அன்று அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் கடமை முடித்துத் தன் தங்குமிடத்துக்குத் திரும்பிய பெண் வைத்தியர் ஒருவர் கத்திமுனையில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார். வைத்தியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். நாடே பேசியது. பேசவும் வேண்டும். ஆனால் ஒழுங்கை ஒழுங்கையாகத் தனியே போகும் ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு இப்படி நடந்தால், அவருக்காக வேலையை நிறுத்தக்கூடிய சங்கம் எது?

கோபம் எங்கிருந்து வருகிறது

2023 இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பெயர்ப்பட்டியல் வெளியானபோது, நாட்டின் பல பகுதிகளில் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். புள்ளி போடும் முறை தீர்மானிக்கப்பட்டது கொழும்பில். சனத்தின் முகத்துக்கு முன்னால் இருந்தது மேசைக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர். பட்டியலை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை, ஏன் பெயர் விடுபட்டது என்று சொல்லப் போதிய தகவலும் இல்லை.

போரைத் தாண்டி வந்த சமூகத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பதிவு, விசாரணை, "பிறகு வாங்கோ" என்ற மூன்றும் எங்களுக்குப் பழைய காயங்களை நினைவூட்டுபவை. மறுபக்கத்தில் இருக்கும் உத்தியோகத்தரும் அநேகமாக அதே முகாமில் வரிசையில் நின்றவர். காயம்பட்ட இருவர் ஒரு மேசையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். வீடுகளில் கசிப்பும் போதைப்பொருளும் குடும்ப வன்முறையும் சேரும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது.

இதை முன்கூட்டியே ஊகிக்க முடியும். ஊகிக்கக் கூடிய ஆபத்தைத் தடுக்கவும் முடியும். "இந்த வேலை என்றால் இப்பிடித்தான்" என்று சொல்வது தடுக்க வேண்டியவர்களுக்கு வசதியான பேச்சு.

தடுப்புக்கான ஐந்து படிகள்

சுகாதாரம் மற்றும் சமூக சேவைப் பணியாளர்களுக்கான வன்முறைத் தடுப்பு வழிகாட்டியை அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1996 இல் வெளியிட்டுப் பின்னர் புதுப்பித்தது. அதன் ஐந்து கூறுகளையும் எங்கள் அலுவலகங்களுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

1. நிர்வாகத்தின் பொறுப்பும் பணியாளரின் பங்கும். வன்முறையைச் சகிக்க மாட்டோம் என்ற எழுத்து மூலமான கொள்கை அலுவலகத்தில் இருக்க வேண்டும். முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்கவோ இடமாற்றவோ கூடாது. கொள்கையை எழுதும்போது களத்துக்குப் போகிறவர்களையும் இருத்திக் கேட்க வேண்டும்.

2. ஆபத்தை ஆராய்தல். எந்த வீட்டில் முன்பு மிரட்டல் நடந்தது, எந்தப் பாதையில் தொலைபேசி அலைவரிசை இல்லை, எந்த நாளில் கூட்டம் அதிகம் என்பதெல்லாம் பணியாளர்களின் தலைக்குள் இருக்கும் தகவல்கள். அவற்றைத் தாளில் கொண்டு வர வேண்டும். பணியாளர் மாறினால் தகவலும் அவரோடு போய்விடக் கூடாது.

3. தடுப்பு ஏற்பாடுகள். ஆபத்து எனக் குறிக்கப்பட்ட வீட்டுக்கு இருவராகப் போக வேண்டும், முடிந்தவரை காலையில். போகுமிடமும் திரும்பும் நேரமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நேரம் தவறினால் யார் அழைப்பது, பதில் இல்லையென்றால் என்ன செய்வது என்பது முன்பே முடிவாக வேண்டும். உதவி தேவை என்பதைச் சந்தேகம் வராமல் சொல்ல ஒரு குறிச்சொல் வேண்டும். வளவுக்குள் வாகனத்தை வெளியே போகும் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். அலுவலகத்தில், பணியாளரின் கதிரை வெளியேறும் வழிக்குக் கிட்ட இருக்க வேண்டும். காத்திருப்போருக்கு இருக்கை, தண்ணீர், இலக்கம், எவ்வளவு நேரமாகும் என்ற உண்மையான தகவல் ஆகியவையும் பாதுகாப்பு ஏற்பாடுகளே.

4. பயிற்சி. குரலைத் தாழ்த்துவது, இரண்டு கை தூரம் விட்டு நிற்பது, வாதாடாமல் கேட்பது, கொடுக்க முடியாத வாக்குறுதியைக் கொடுக்காமல் இருப்பது ஆகியவற்றைப் பழகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையை முடிக்காமலே எழுந்து வெளியேறலாம் என்ற அனுமதி பணியாளருக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

5. பதிவும் மீளாய்வும். அடி விழுந்தால் மட்டுமல்ல, மிரட்டலையும் மயிரிழையில் தப்பியதையும் எழுத வேண்டும். எழுதப்படாத சம்பவம் அடுத்த பணியாளருக்குத் திரும்ப நடக்கும்.

சட்டம் எதுவரை வருகிறது

அரச ஊழியர் ஒருவரைக் கடமை செய்யவிடாமல் தாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் தனிக் குற்றம். தொண்டு நிறுவனப் பணியாளர் அரச ஊழியர் அல்ல என்பதால் அந்தக் கூடுதல் காப்பு அவருக்குக் கிடையாது. ஆனாலும் காயப்படுத்துவதும் குற்றமுறையாக மிரட்டுவதும் எவருக்கு எதிராக நடந்தாலும் குற்றமே. 1995 இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. வேலை செய்யும் இடத்தில் நடந்தாலும் வேறிடத்தில் நடந்தாலும் அது பொருந்தும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதுகாப்புக் கட்டளை மீறப்படாமல் கண்காணிக்கும் பணியைச் சமூகப் பணியாளர், நன்னடத்தை உத்தியோகத்தர் போன்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. அதாவது, வன்முறை உள்ள வளவுக்குள் பணியாளரைச் சட்டமே அனுப்புகிறது. அவரோடு கூடப் போக வேண்டிய பாதுகாப்பை அலுவலகம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சர்வதேசத் தொழில் அமைப்பின் 190ஆம் இலக்கச் சமவாயம் 2019 இல் நிறைவேற்றப்பட்டு, 2021 ஜூன் 25 இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்த நிலை எதுவாயினும் பணியாளருக்கும், பயிலுநருக்கும் தொண்டருக்கும் அது பொருந்தும். பணிநிமித்தப் பயணமும் தொலைபேசியில் வரும் மிரட்டலும் அதற்குள் அடங்குகின்றன. அதோடு வந்த 206ஆம் இலக்கப் பரிந்துரை, சேவை பெறுவோரிடமிருந்து வரும் வன்முறையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தனித்துச் செய்யும் வேலையையும் சமூக சேவையையும் ஆபத்துக் கூடிய துறைகளாகப் பெயர் குறிப்பிடுகிறது.

சம்பவம் நடந்துவிட்டால்

முதலில் அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, அம்புலன்ஸ் சேவை 1990. காயம் சிறிதென்றாலும் வைத்தியசாலைக்குப் போய், எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். அன்றைக்கே நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தைகளை எழுதி வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்திருங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, உளநல உதவிக்கு 1926.

பொலிஸுக்குப் போனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் அடி விழுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. என் தோழியையும் அதுதான் தடுத்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆகவே முறைப்பாட்டின் சுமையைப் பணியாளர் தனித்துச் சுமக்காமல், அலுவலகமே முறைப்பாட்டாளராக முன்வந்து, அந்தப் பெண்ணின் பாதுகாப்பையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

நாங்கள் என்ன செய்யலாம்

இதை வாசிக்கும் பலர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள். எங்கள் கோபத்தைக் கைவிடத் தேவையில்லை. மறுப்பை எழுத்தில் கேட்போம். மேன்முறையீடு செய்வோம். முடிவெடுத்தவரின் பெயரைக் கேட்டு அவரிடமே போவோம். எங்கள் ஒழுங்கைக்கு வரும் உத்தியோகத்தர் மிரட்டப்பட்டால், அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவைப் போல வேலிக்கு மேலால் ஒரு சத்தம் போடுவோம்.

தோழியும் இரண்டு சகபணியாளர்களும் இப்போது தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழையும்போது "போறன்", வெளியே வந்ததும் "வந்திட்டன்". கைதொலைபேசியில் வரும் இந்த இரண்டு சொற்கள்தான் அவர்களுக்குள்ள ஒரே பாதுகாப்பு. அலுவலகப் பதிவேட்டில் அதற்கு இன்னும் ஒரு நிரல் இல்லை.